கச்சான் காற்றில் ஒரு நேர்காணல்

எனக்குக் கோபம் வந்தால் அது முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். அந்த ஆனி மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் நிம்மதியாக இருந்ததே இல்லை. காரணம், மொட்டைமாடியில் இரும்புப் பைப்பின் உச்சியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற டிஷ். சாட்டிலைட் இன்டர்நெட் என்று ஆசையாக வாங்கி வைத்தோம். காலையில் பறக்கும், மதியத்துக்கு மேல் படுத்துவிடும்.

சும்மா படம் பார்ப்பதற்கான இன்டர்நெட் என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். எனக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையோடு வீடியோவில் நேர்காணல் இருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பாம்பன் தீவில் இருக்கிற எங்கள் ஊர் அக்காள்மடத்திலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய், டூட்டி முடித்துத் திரும்பி வந்து, கண் சொக்கச் சொக்க ஜெர்மன் படித்துப் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். மிச்சம் இருந்தது இந்த நேர்காணல் மட்டும்தான்.

அதுவும் ஒரு தடவை கெட்டுப்போயிருந்தது. முதல் நேர்காணலில், மருத்துவமனையிலிருந்து பேசிய அம்மா மூன்றாவது கேள்வியை ஆரம்பித்தார். வாய் திறந்தபடி திரையில் உறைந்துவிட்டார். மறுபடி வந்தார், பாதி வார்த்தை பேசினார், மறுபடி உறைந்தார். கடைசியில் திரை கறுத்துப்போய், என் மூஞ்சியே அதில் எனக்குத் தெரிந்தது. மறுநாள், இந்த வேலைக்கு ஏற்பாடு செய்கிற ஏஜென்சியின் பெண் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தேதி வாங்கியிருக்கேன். வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணி. இதுவும் கட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

வேறு இடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் பேச முடியாது. நான் போகப்போகிறேன் என்று தெரிந்தால் மறுநாளே என் டூட்டியில் கை வைப்பார்கள். கூட வேலை செய்யும் தோழிகள் இருப்பது ஒற்றை அறையில் நாலு பேராக. பின்னால் ஆள் நடமாடக் கூடாது, சத்தம் கூடாது என்பது ஜெர்மன்காரர்கள் நிபந்தனை. எங்கள் வீடோ கடற்கரையை ஒட்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. போன் சிக்னல் தோப்பின் வாசலோடு நின்றுவிடும். கேபிள் இன்டர்நெட் போட்டுப் பார்த்தோம். ரோட்டில் எவனாவது குழி தோண்டினால் அத்தோடு போயிற்று. அதனால்தான் சாட்டிலைட். இவ்வளவு மெனக்கெட்டு வாங்கிவிட்டு அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்கிற வீம்பும் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஃபைபர் வள்ளம் இருக்கிறது, தென்கடலில் மீன்பிடித் தொழில். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வீட்டில் இருப்பார். பேச்சு ரொம்பக் குறைவு. ஜெர்மனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று முதன்முதலில் நான் சொன்ன அன்று, மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு "ம்" என்றார். பரீட்சை பாஸ் என்றதற்கும் அதே "ம்"தான். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கத்திச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னதான் செய்வாள்?

நேர்காணலுக்கு முந்தின அந்த வாரத்தில் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். இரும்பு பீரோவின் மேல் இருந்ததை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். ஐந்தாவது படிக்கும் என் மகள் கார்ட்டூன் பார்க்கத் தடை போட்டேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒயரின் முனையில் உப்புப் பூத்திருந்தது. ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து, புண்ணைத் துடைப்பதுபோலத் துடைத்து மாட்டினேன். அன்றைக்குக் காலை ஸ்பீடு டெஸ்டில் நூறைத் தாண்டி ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று டூட்டிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நாலு, அஞ்சு, இரண்டு என்று நொண்டியது.

கம்பெனியின் ஆப்பில் வானத்தின் படம் ஒன்று வரும். மரமோ சுவரோ மறைத்தால் அந்த இடம் சிவப்பாகக் காட்டும். எங்கள் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை. இருக்காது. நாலு பக்கமும் தென்னை என்பதால்தானே அவ்வளவு உயரத்துக்குப் பைப்பை நிறுத்தினோம். புதன்கிழமை சாயங்காலம், தோப்பு வாசலில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். எந்த ஊரிலிருந்தோ தமிழ் பேசும் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், டிஷ்ஷ உறுதியாப் பொருத்தியிருக்கீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் கட்டுனது. புயல் வந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"கட்டுனதுன்னா மேடம்?"

"கட்டுனதுன்னா கட்டுனதுதான்!"

அவள் தடுமாறிப்போய், சாயங்கால நேரத்தில் நிறையப் பேர் பயன்படுத்துவதால் வேகம் குறையலாம் என்று எழுதி வைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னாள். இந்தத் தீவில் இதை வாங்கியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், யாரம்மா அந்த நிறையப் பேர் என்று கேட்டேன். லைனில் இருங்கள் என்று பாட்டுப் போட்டுவிட்டாள். பாட்டு முடிவதற்குள் என் பொறுமை முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் காலையில் நன்றாகத்தான் ஓடியது. மதியம் சாப்பிடும் நேரத்துக்குச் சரிய ஆரம்பித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நேர்காணலுக்குக் கட்டப் போகிற சேலையைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருந்தேன். அதை எடுக்கப் போனேன். கையில் போன், போனில் ஸ்பீடு டெஸ்ட். அந்த வாரம் பூராவும் என் கை அதை அழுத்திக்கொண்டேதான் இருந்தது.

மதியத்துக்கு மேல் வலுக்கிற கச்சான் மாடியில் என்னைத் தள்ளியது. கொடியில் சேலை வயிறு உப்பி நின்றது. காற்று கொஞ்சம் அடங்கிச் சேலை தொங்கியபோது போனில் எண் ஏறியது. சேலை மறுபடி உப்பியது, எண் விழுந்தது. நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். டிஷ், ஆமாம் சாமி போடுகிற ஆள் மாதிரி, நிதானமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. போனைத் தரையில் வைத்திருந்தேன், குனிந்து பார்த்தால் எண் ஏறிக்கொண்டிருந்தது. கையை எடுத்தேன், விழுந்தது.

பைப்பின் அடியைப் பார்த்தேன். மேல்மாடி எழுப்புவதற்காக விட்டிருந்த தூணின் கம்பிகளோடு, பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். அழகான கட்டு. ஆனால் கயிற்றுக்கும் பைப்புக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. டிஷ்ஷோடு பெட்டியில் வந்த கிளாம்பும் போல்ட்டும் அவர் எடுக்கவே இல்லை. அப்போதே கேட்டதற்கு, "உப்புக் காத்துக்கு போல்ட்டு துருப்புடிச்சு ஒரு நா அத்துக்கிரும். கயிறுன்னா மாத்திக் கட்டிக்கிறலாம்" என்றிருந்தார். நானும் தலையாட்டினேன். போல்ட் விஷயம் புரிந்தது. இந்த இடைவெளி எதற்கு?

எனக்குள் ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் அது நிச்சயமாகவே ஆகிவிட்டது. படியில் தடதடவென்று இறங்கினேன். அவர் கூடத்தில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேல பைப்ப எதுக்கு இளக்கமாக் கட்டியிருக்கீக?"

"இளக்கங் குடுத்துத்தான புள்ள கட்டணும். இறுக்கிக் கட்டுனா காத்துக்கு முறிஞ்சிரும்."

"அது ஆடுது. அதுனாலதான் இன்டர்நெட்டு விழுகுது. ஒங்களுக்குத் தெரியாது?"

அவர் முகத்தில் உண்மையிலேயே ஒன்றும் தெரியாத திகைப்பு. எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது.

"நான் போகக் கூடாதுன்னுதான இப்புடிக் கட்டுனீக? வாயால சொல்ல முடியாம கயித்துல காட்டிட்டீக. அப்புடித்தான?"

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"வள்ளத்தையும் இப்புடித்தான் கட்டுறேன்" என்றார். "கடல்ல கெடக்குற வள்ளத்த இறுக்கிக் கட்டுவாகளா? ஒன்னயப் போக வேணாம்னு நெனச்சா, நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டனா?"

"நீங்க என்னைக்கு வாயத் தொறந்து சொல்லியிருக்கீக?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் கத்தத் தெம்பு இல்லை. சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டியிருந்தது. கிளாம்பைப் போடலாம் என்றால் கான்கிரீட்டில் துளை போட வேண்டும். தெருமுனை எலக்ட்ரீசியனுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால், அவர் மிஷினோடு பாம்பனில் வேலையில் இருந்தார். பஸ் பிடித்து ராமநாதபுரம் போய்ச் சேரவும் நேரம் இல்லை.

அவர் வலைக்கொட்டகைக்குப் போய் ஒரு கட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நேரே மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். அடிக்கட்டை அவிழ்த்து, பைப்பைத் தூண் கம்பிகளோடு சேர்த்து முழங்காலால் நெருக்கி, விரல் வெளுக்கும்படி இறுக்கிக் கட்டினார். அடி அசையவில்லை. ஆனால் உச்சி இன்னும் ஆடியது. ஏணி வைத்து ஏறிப் பைப்பின் நடு உயரத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி இறக்கினார். மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினால் உச்சி நிற்கும். ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் மேடையில் கட்டினார். இன்னொன்றை அடுத்த தூணில். மூன்றாவது கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கடல் பக்கம் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தூண் இல்லை, கைப்பிடிச் சுவரும் இன்னும் எழுப்பவில்லை.

"நீ போயி உக்காரு" என்றார்.

"அந்தக் கயிறு?"

"அத நான் பாத்துக்கிறேன். போ புள்ள."

போனேன். வேறு என்ன செய்ய? முகத்தைக் கழுவினேன். சேலை இன்னும் லேசாக ஈரம், அதையே கட்டினேன். அறைக் கதவைச் சாத்தி, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் பார்த்தேன். எண் ஏறி நின்றது. அசையாமல் நின்றது. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். அதே அம்மா, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர். போன தடவை வாய் திறந்தபடி உறைந்தவர் இந்த முறை முழு வாக்கியமாகப் பேசிச் சிரித்தார். சர்க்கரை நோயாளி ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்தால் என்ன செய்வாய் என்றார். எனக்கு அது தினசரி நடப்பது. ஜெர்மனில் சொல்ல வேண்டும் என்பதுதான் பாடு. சொன்னேன். வயதான ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டால் முதலில் எதைப் பார்ப்பாய் என்றார் கண்ணாடிக்காரர். பதில் சொல்ல ஆரம்பித்தபோது வெளியே காற்று ஊளையிட்டது. ஜன்னல் கொக்கி தடதடத்தது. திரையில் அவர் கன்னம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் இழுபட்டது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். மேலே கூரையில் எதுவோ தரையில் தேய்ந்து நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். திரையில் அவர் முகம் மறுபடி முழுசாகச் சேர்ந்தது.

"கேட்கிறதா?" என்றார் ஜெர்மனில்.

"தெளிவாகக் கேட்கிறது" என்றேன்.

கடைசிக் கேள்வியை அந்த அம்மா கேட்டார். உங்களுக்குக் குழந்தை இருக்கிறது, கணவர் இருக்கிறார், நீங்கள் இங்கே வருவதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? இந்தக் கேள்வி வரும் என்று ஏஜென்சியில் சொல்லி, பதிலையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் கணவர் எனக்கு முழுத் துணையாக இருக்கிறார் என்பது அந்த வாக்கியம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதை உருப்போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்கிறோம் என்றே நினைத்து உருப்போட்டேன். இப்போது வாயைத் திறந்தால் முதல் வார்த்தையே வரவில்லை. இன்டர்நெட் கட்டாகிவிட்டது என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, கையை அசைத்துக் காட்டினேன். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இலக்கணம் சரியாக வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் எங்களோடு வேலை செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம், பேப்பர் வேலைகளை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று அந்த அம்மா சொன்னார். நான் நன்றி சொன்னேன். திரை அணைந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கோர்வையாகச் சொல்ல வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். வாட்ஸ்அப்பில் ஏஜென்சிப் பெண் கூப்பிட்டு, அவளும் சேர்ந்து அழுதாள். என்னென்ன பேப்பர் வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மூடிய கதவுக்குள் உட்கார்ந்து, பனி பெய்யும் ஊரில் என் மகளுக்கு எந்த மாதிரி ஸ்வெட்டர் வாங்குவது என்பது வரைக்கும் போய்விட்டேன். வாசலில் பள்ளிக்கூட வேன் ஹாரன் கேட்டதும்தான் எனக்கு உணர்வு வந்தது.

மகள் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அப்பா எங்கம்மா?" என்றாள்.

நான் மாடிப்படியில் ஓடினேன்.

கடலுக்கு முதுகு காட்டி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது செய்வதைப்போல, கயிற்றை இடுப்பில் சுற்றி, அடியில் துண்டை மடித்துக் கொடுத்து, இரண்டு குதிகாலையும் கான்கிரீட்டில் ஊன்றிப் பின்னால் சாய்ந்திருந்தார். கயிறு விறைத்து நின்றது. டிஷ் அசையவில்லை. வெயில் அவர் மேல் நேராக விழுந்திருந்தது. காற்று கண்ணில் மணலை அடிக்காமலிருக்கக் கண்ணை மூடியிருந்தார். உள்ளங்கை சிவந்து, ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"ஏங்க" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துப் பதறினார். "பேச்ச விட்டுட்டு எதுக்குப் புள்ள எந்திரிச்சு வந்த? போ, போ. காத்து இன்னும் விழல."

"முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு."

"சொல்லியிருக்கலாம்ல."

"நான் மறந்துட்டேன். இவ்வளவு நேரமாவா இப்புடியே இருக்கீக? கை வலிச்சா விட்டுற வேண்டியதுதான?"

"நீ சொல்லாம எப்புடி விடுறது?"

எனக்கு வந்த அழுகையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லிட்டாக" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். இந்த முறை "ம்" கூட வரவில்லை. உதடு மட்டும் இறுகியது.

"போதும். கயித்த விடுங்க" என்றேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும் புள்ள" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சுட்டது.